நிகர எடை

வாளையாறு எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
அன்றைக்கு லாரி எதுவும் ஏறவில்லை.
எண்பலகை மட்டும் தானாக நடுங்கி
இருபது, நாற்பது, பூஜ்யம் என்றது.
எலியென்று டார்ச் அடித்தேன்.
புழுதி ஆள் உயரத்துக்கு எழுந்து
வெட்கப்பட்டதுபோல் உட்கார்ந்தது.

கணவாய்க்காரன் அவன்.
காற்றுக்கும்
விறகு பொறுக்கப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பிய ஒருத்திக்கும்
பிறந்தவனாம்.
பாதி தெய்வம்.
மீதிப் பாதியை எங்கே வைத்தானென்று அவனுக்கே தெரியாது.

அவனிடம் உயிரெழுத்து மட்டும்தான் இருந்தது.
கோமதி என்பதை
ஓ… அ… இ… என்பான்.
ககரமும் மகரமும் தகரமும்
நாக்கும் உதடும் உள்ளவர்களுக்கு.
இருந்தாலும் இந்த முப்பத்தோரு வயதில்
என் பெயரை அவ்வளவு நேரம் வைத்திருந்தவர் யாருமில்லை.

கொடியில் காயும் என் துப்பட்டாவை உடுத்திக்கொண்டு வருவான்.
அப்போதுதான் தோள் எங்கே முடிகிறது என்று தெரியும்.
பாலக்காட்டிலிருந்து நேந்திரங்காய் வறுக்கும் வாசனையை
சூடு ஆறாமல் கொண்டுவந்து
மேஜைமேல் வைப்பான்.
ரசீதெல்லாம் பறக்கும். திட்டுவேன்.

ஆடி முடிவதற்குள் உலகம் முடியத் தொடங்கியது.
மேற்கே கடல் கொச்சியைத் தின்று, திருச்சூரைத் தின்று
ஒலவக்கோட்டில் ரயில் மேடைமீது மீன் துள்ளியது.
கிழக்கே பீளமேடு, குனியமுத்தூர், மதுக்கரை என
தீ பஸ் நிறுத்தங்களின் வரிசையிலேயே வந்தது.
தண்ணீருக்கு அஞ்சியவர்கள் கிழக்கே ஓடினார்கள்,
நெருப்புக்கு அஞ்சியவர்கள் மேற்கே.
என் மேடையருகே முட்டி நின்று
"அங்க எதுக்குப் போறீங்க?" என்று
ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.
சோதனைச் சாவடியில் ஒருவர்
அப்போதும் பாஸ் கேட்டார்.

பக்கத்துக் கவுண்டரில் சுலைகா.
அவளுக்கு வெள்ளம் என்றால் குடிப்பது,
எனக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துப் போவது.
ஆறு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.
பாரதப்புழையின் பிள்ளை
இடுப்புவரை நீராய் நின்று கை நீட்டியபோது
இரண்டு அர்த்தமும் ஒன்றாகிவிட்டது.
வருகைப்பதிவில் விரல் வைத்துவிட்டு
செருப்பைக் கையிலெடுத்து இறங்கிப் போனாள்.

க.க. சாவடிச் சூளையில்
அஞ்சலையிடம் நெருப்பின் மகன் என்ன கேட்டான்,
அவள் என்ன சொன்னாள்,
யாருக்கும் தெரியாது. சூளை எரிகிறது.

என்னவன் நடுவில் மாட்டிக்கொண்டான்.
கிழக்கே வீசினால் அலை ஏறும்.
மேற்கே வீசினால் தீ தாவும்.
"நின்னுரு" என்றேன்.
"ஆ… ஏ…" என்றான்.
நின்றால் நான் காற்றே இல்லையே
என்கிறானென்று எடுத்துக்கொண்டேன்.
தெரிந்துதான் சொன்னேன்.

கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் ஒவ்வொன்றாய் நின்றன.
லாரித் தார்ப்பாய்கள் படிந்தன.
தீ செங்குத்தாய் எழுந்து
அடுத்த மரம் எட்டாமல் தன்னையே தின்றது.
தண்ணீர் தரையில் தட்டுப்போல் கிடந்தது.
எண்பலகை நகர்ந்தது:
இருபது. நாற்பது. அறுபது.
அப்புறம் நடுங்கவில்லை.

மேடை நடுவே
துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒருவன் இருமினான்.
நெற்றியில் முதல் வியர்வை.
ஆற்ற ஒரு பொட்டுக் காற்றில்லை.
ரசீதுப் புத்தகத்தால் விசிறினேன்,
கைவலிக்க.

"கோமதி" என்றான்.
மெய்யெல்லாம் சரியாக இருந்தது,
ககரம் மட்டும் கொஞ்சம் கரடு.
மூன்றே எழுத்தில் முடிந்துபோனது என் பெயர்.
நான் சந்தோஷத்தில் அழுவதாய் நினைத்து
கண்ணைத் துடைத்தான். விரலில் நகம் இருந்தது. கீறியது.

மின்சாரம் போகுமுன் ரசீது அடித்தேன்.
வெற்று எடை பூஜ்யம்.
நிகர எடை அறுபது கிலோ.
பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார்,
நகரச் சொல்லி.

இந்த மேடை
இருபது இருபதாகத்தான் எண்ணும்.
அதற்குக் குறைந்த எதையும்
கணக்கில் எடுக்காது.